டார்கஸ் பில்லிங் பார்க்காதது

தட்டிய சத்தம் கதவின் அடிப்பக்கத்திலிருந்து வந்தது.

லோரைன் டெபட் எழுதுவதை நிறுத்தினாள். கதவைத் தட்ட வருகிறவர்கள் நெஞ்சு உயரத்தில்தான் தட்டுவார்கள். தபால்காரர் என்றால் அழைப்பு மணியை அழுத்துவார். இது முழங்காலுக்கும் கீழே, ஏறக்குறைய தரையை ஒட்டி, மடக்கிய விரல் முட்டியால் மெதுவாக, படுத்துக்கொண்டிருக்கும் ஒருவர் தட்டினால் எப்படிக் கேட்குமோ அப்படிக் கேட்டது. ஒரு தட்டு. கொஞ்சம் இடைவெளி. பிறகு இன்னொன்று, முதலாவதைவிட மெலிந்து.

வெளியே பெர்மண்ட்சியின் டிசம்பர் மாலை நாலு மணிக்கே இருட்டிக் கிடந்தது. மழை ஜன்னலில் வழிந்தது. வெந்நீர்க் குழாய்கள் சூடேறும்போது சுவருக்குள் இப்படித்தான் ஏதாவது முனகும், பழைய கட்டடம், தோல் பதனிடும் பட்டறைத் தொழிலாளிகளுக்காக விக்டோரியா ராணி காலத்தில் கட்டியது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எழுந்து போய்ப் பார்க்கவில்லை. நாற்காலியில் இருந்தபடியே கதவைப் பார்த்தாள். வெளியே பார்ப்பதற்காகக் கதவில் பதித்த குட்டி லென்ஸின் மேல் அவள் ஒட்டியிருந்த காயப் பிளாஸ்திரி ஒரு மூலையில் பெயர்ந்து தொங்கியது.

அதை ஒட்டியது பெவ் செத்த மறுநாள்.

பெவர்லி நோக்ஸ் கீழ்மாடிக்காரி. பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுகிற வேலை. வாய் ஓயாது. பால் தீர்ந்துவிட்டது, டீவி ரிமோட் வேலை செய்யவில்லை என்று ஏதாவது ஒரு சாக்கில் மாடியேறி வந்து, "லோரைன் கண்ணு, நான்தான்" என்று கதவைத் தட்டுவாள். போன மாதக் கடைசியில் ஒரு மாலை அவளை யாரோ படிக்கட்டு வளைவில் கழுத்தறுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். எட்டு மணிக்கு அவளைப் பார்க்க வந்த மகன் கைல்தான் முதலில் கண்டான். தூக்கி மடியில் போட்டுக்கொண்டு கத்தினான். போலீஸ் வந்தபோது அவன் உடம்பெல்லாம் ரத்தம். அதற்கு முந்தைய வாரம் அம்மாவோடு தெருவில் நின்று சண்டை போட்டவனும் அவன்தான். அன்றிரவே பிடித்துக்கொண்டு போனார்கள்.

லோரைன் போலீஸிடம் சொன்னது இரண்டே வரி. அஞ்சு மணியிலிருந்து வீட்டில்தான் இருந்தேன். கைல் கத்துகிற வரைக்கும் எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

அவள் மறுபடி காகிதங்களின் பக்கம் திரும்பினாள். முப்பது வருடம் சரித்திரம் கற்பித்து ஓய்வு பெற்றவளுக்கு ஒரு பதிப்பகம் கொடுத்திருந்த வேலை அது: பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, பழைய சான்றுகளை எப்படி எடைபோடுவது என்று சொல்லித்தரும் பயிற்சிப் புத்தகம். எடுத்துக்கொண்ட வழக்கு, இதே பெர்மண்ட்சியில் நூறு வருடத்துக்கும் முன்னால் ஒரு குளிர்காலம் முழுக்க ஏழைப் பெண்களைக் கொன்று போட்டவனின் வழக்கு. கடைசிவரை ஆள் அகப்படவில்லை. ஒவ்வொரு சான்றின் கீழும் அவள் கேள்விகளை எழுதவேண்டும். இதைச் சொன்னவர் யார்? எப்போது சொன்னார்? சொன்னதால் அவருக்கு என்ன லாபம்? எதைச் சொல்லாமல் விட்டார்?

இன்று மேஜையில் இருந்தது டார்கஸ் பில்லிங்கின் வாக்குமூலம். துணி வெளுப்பவள், மாடியறையில் தனியாக இருந்தவள். அவள் கதவுக்கு வெளியேதான் மெர்சி கோப் என்ற பெண் செத்துக்கிடந்தாள். டார்கஸ் மூன்று முறை வாய் திறந்திருக்கிறாள். முதலில் காவலரிடம், "நான் தூங்கிட்டேன் ஐயா, ஒண்ணும் கேக்கல." பிறகு விசாரணை மன்றத்தில், "யாரோ தட்டுனாங்க. குடிகாரன்னு நெனச்சேன்." அதற்குள் ஓர் ஐரிஷ் சுமைதூக்கியைப் பிடித்து அடைத்துவிட்டார்கள். அவன் சிறையிலேயே காய்ச்சலில் செத்த பிறகு, கடைசியாக ஒருமுறை அவள் தானாகவே காவல்நிலையத்துக்குப் போயிருக்கிறாள்.

"அவ என் பேரச் சொல்லித்தான் தட்டுனா. அப்புறம் கீழ இருந்து தட்டுனா, குழந்தை தட்டுற மாதிரி. நான் சாவித்துவாரம் வழியாப் பாக்கல. அந்த ஆளு அவசரப்படவே இல்ல."

ஓரத்தில் ஆய்வாளரின் கையெழுத்து: குடிப்பவள். நம்பத்தக்கவள் அல்ல.

லோரைனும் முப்பது வருடமாக வகுப்பில் அதையேதான் சொல்லிக்கொடுத்திருந்தாள். மூன்று தடவை மூன்று விதமாகச் சொல்கிறவளை எப்படி நம்புவது? பிள்ளைகள் தலையாட்டி எழுதிக்கொள்வார்கள்.

கீழ இருந்து தட்டுனா.

அந்த வரியை அவள் எத்தனையோ முறை படித்திருக்கிறாள். இப்போது பார்வை அங்கேயே நின்றுவிட்டது. அறைக்குள் ஏதோ வாடை. ஈரத்தோலின் வாடை, உரித்த தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் வருகிற வாடை. இந்தத் தெருவில் கடைசிப் பட்டறை மூடியபோது அவள் பிறந்திருக்கக்கூட இல்லை.

அவள் ஜன்னலைத் திறந்து வைத்தாள். குளிர்தான் உள்ளே வந்தது. வாடை போகவில்லை.

சனிக்கிழமை நண்பகலில் அழைப்பு மணி அடித்தது. பெவ்வின் மகள் ஜோடி. கண்கள் வீங்கி, அண்ணனின் பெரிய கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றாள். அண்ணன், தங்கை இருவருமே லோரைனிடம் படித்தவர்கள். இந்த வயதிலும் அவளுக்கு லோரைன் 'மிஸ்'தான்.

"உள்ள வா, டீ போடறேன்."

"வேணாம் மிஸ். இந்தப் படியில நிக்கவே முடியல." அவள் வளைவின் பக்கம் திரும்பாமல் பேசினாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு நிஜமாவே ஒண்ணுமே கேக்கலையா?"

"போலீஸ்கிட்ட சொல்லிட்டேனேம்மா."

"சொன்னீங்க. அதத்தான் அவங்க பிடிச்சுட்டு இருக்காங்க. எட்டு மணி வரைக்கும் வீடு அமைதியா இருந்துச்சாம், அதனால அவன் வந்தப்புறம்தான் எல்லாம் நடந்துச்சாம். ஏழரை வரைக்கும் அவன் வேன்ல பார்சல் போட்டுட்டு இருந்தான் மிஸ், வண்டிக் கருவியிலயே பதிவாகியிருக்கு. அதுக்கு முன்னாடி யாராச்சும் ஒரு சின்ன சத்தம் கேட்டிருந்தா போதும்." அவள் மூக்கைச் சட்டைக் கையில் துடைத்தாள். "வகுப்பு ஜன்னல உடைச்சுட்டு அவனே வந்து சொன்னான்ல, ஞாபகம் இருக்கா? தானா வந்து ஒத்துக்கறவன நான் நம்புவேன்னு எல்லாரு முன்னாடியும் சொன்னீங்க."

"ஞாபகம் இருக்கு."

ஜோடி திடீரென்று சிரித்தாள். அழுகையிலிருந்து கிளம்பிய சிரிப்பு. "அம்மா உங்கள ரொம்பக் கிண்டல் பண்ணும் மிஸ். 'மிஸ் உள்ளதான் இருக்கு, கதவுக்குப் பின்னாடி மூச்சு விடற சத்தம் எனக்குக் கேக்குது, நான் போற வரைக்கும் செலையா நிக்கும்'னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். கோவமே கிடையாது."

லோரைனுக்கு முகம் சுட்டது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தாள். "கைலுக்குச் சாப்பாடெல்லாம் குடுக்கறாங்களா?" என்ற கேள்விதான் வெளியே வந்தது.

ஜோடி திரும்பிப் படியிறங்கிப் போனாள். சுவரோடு ஒட்டி, அந்த வளைவைத் தாண்டும்போது மட்டும் ஓடி.

அன்று மாலை மறுபடி தட்டல். அடிப்பக்கத்திலிருந்து.

இந்தமுறை லோரைன் காதைப் பொத்திக்கொண்டாள். பொத்திய உள்ளங்கைகளுக்குள்ளேயும் அது கேட்டது. மரத்தில் எலும்பு படுகிற சத்தம். நடுவில், கதவுப் பலகையை நகத்தால் வழித்து இழுக்கிற மாதிரி ஒரு தேய்ப்பு. அது நின்றபின் வந்த அமைதிதான் தாங்கமுடியாததாக இருந்தது. கதவுக்கு அந்தப்புறம் யாரோ காதை வைத்து, அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிற அமைதி. அவள் மூச்சை அடக்கினாள். அடக்கியதும்தான் தெரிந்தது, அன்றைக்கும் இப்படித்தான் அடக்கினாள்.

ஏனென்றால் அவளுக்குக் கேட்டிருந்தது. எல்லாமே கேட்டிருந்தது.

டீவியில் ஆறு மணிச் செய்தி தொடங்கிக்கொண்டிருந்தது. படிகளில் தடதடவென்று காலடி. பெவ் தன் வீட்டுக் கதவைத் தாண்டியே ஓடிவந்திருக்கவேண்டும். பைக்குள் சாவியைத் தேட நேரமில்லாமல், வெளிச்சம் தெரிந்த கதவை நோக்கி. "லோரைன், திற! கண்ணு, திற, யாரோ என் பின்னாடியே வர்றான்!" லோரைன் எழுந்து கதவுவரை போனாள். கை தாழ்ப்பாளைத் தொட்டது. திறந்தால் அவன் உள்ளே வருவான் என்று மனம் சொன்னது. அதற்குக் கீழே இன்னொரு நினைப்பும் ஓடியது, அதுதான் வெட்கம்: திறந்தால் இன்றைய மாலை போச்சு, ராத்திரி முழுக்க இவள் பேசிக்கொண்டே இருப்பாள். ஒரு கணம்தான் அந்த நினைப்பு. அந்த ஒரு கணம் கை தாழ்ப்பாளில் சும்மா இருந்தது. அதற்குள் பெவ்வின் குரல் மாறிவிட்டது. பிறகு பேச்சில்லை. பிறகு கீழேயிருந்து தட்டல். பிறகு, பாரமான எதையோ ஒவ்வொரு படியாக இழுத்துக்கொண்டு போகிற சத்தம்.

போலீஸ்காரன் குறிப்பேட்டைத் திறந்து, "ஏதாவது கேட்டீங்களா?" என்றபோது, கேட்டது என்று சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று அவளுக்குத் தெரியும். ஏன் திறக்கவில்லை? அந்தக் கேள்விக்கு முகம் கொடுக்க முடியாமல் ஒரு பையனைச் சிறையில் வைத்திருந்தாள்.

திங்கட்கிழமை காலை அவள் காவல்நிலையத்துக்குப் போனாள்.

துப்பறிவாளர் பிரையனி ஓக்ஷாட் சின்னப் பெண். தூக்கமில்லாத முகம், காகிதக் கோப்பையில் ஆறிப்போன டீ. பதிவுக் கருவியைப் போட்டுவிட்டு, "சொல்லுங்க மேடம், அவசரமில்ல" என்றாள்.

லோரைன் வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததைச் சொன்னாள். "குளிச்சுட்டு இருந்தேன். ஆறு மணிச் செய்தி ஆரம்பிச்ச நேரம். பெவ் தட்டுனா, யாரோ பின்னாடி வர்றான்னு கத்துனா. தண்ணிச் சத்தத்துல சரியாப் புரியல. துண்டச் சுத்திக்கிட்டு வர்றதுக்குள்ள சத்தம் அடங்கிடுச்சு. பெவ் கீழ போயிட்டான்னு நெனச்சேன்."

"இத ஏன் அன்னிக்கே சொல்லல?"

"வெட்கம். வேறென்ன?"

ஓக்ஷாட் தலையாட்டினாள். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் லோரைனுக்கு நன்றாக இருந்திருக்கும். இரக்கம்தான் இருந்தது. "ஆறு மணின்னா கைல் ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கான். அவன விட்டுடலாம். நீங்க வந்ததுக்கு ரொம்ப நன்றி."

"நான் லென்ஸ் வழியாவும் பாக்கல" என்றாள் லோரைன்.

ஓக்ஷாட்டின் பேனா நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். "அத நான் கேக்கவே இல்லையே மேடம்."

பதிவுக் கருவியின் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. எங்கோ ஒரு கதவு மூடிக்கொண்டது. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிற சாட்சியை என்ன செய்யவேண்டும் என்று லோரைன் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

"சும்மா சொன்னேன்" என்றாள். "எப்படியும் கேப்பீங்கன்னு."

"பாத்திருந்தா இப்பவே சொல்லிடுங்க. ஒருத்தன் வெளியில சுத்திட்டு இருக்கான்."

"பாக்கல."

சாயங்காலம் ஜோடியின் போன் வந்தபோது லோரைன் ஜமைக்கா ரோட்டில், வறுத்த மீன் கடை வாசலில் நின்றிருந்தாள். பொட்டலத்திலிருந்து வினிகர் வாசனையோடு ஆவி எழும்பியது. பல நாளுக்குப் பிறகு அவளுக்குப் பசித்திருந்தது.

"மிஸ், விட்டுட்டாங்க! வீட்டுக்கு வந்துட்டான், குளிக்கப் போயிருக்கான்." பின்னால் யாரோ அழுதுகொண்டே சிரிக்கிற சத்தம். "நீங்க சொன்னதெல்லாம் அந்த அதிகாரி சொன்னாங்க. எனக்குக் கோவமெல்லாம் இல்ல மிஸ். குளிச்சுட்டு இருந்தா என்ன பண்ண முடியும்? அம்மா கடைசியா உங்ககிட்டதான் ஓடி வந்திருக்கு. தனியாச் சாகல, தெரிஞ்சவங்க கதவுகிட்ட இருந்துச்சு. அது ஒண்ணு எனக்குப் போதும்."

லோரைன் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பொட்டலத்தைப் பிரிக்காமல் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு நடந்தாள்.

மழை விட்டிருந்தது. ஈரத் தெருவில் விளக்குகள் நீண்டு கிடந்தன. அவள் பார்த்திருந்தாள். தாழ்ப்பாளில் ஒரு கை, லென்ஸில் ஒரு கண். பெவ்வின் முகம் உருண்டு பெரிதாகி, கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. அந்த முகத்துக்குப் பின்னால், கீழே, படிக்கட்டு வளைவில் ஓர் ஆள். நீண்ட கறுப்புக் கோட்டு. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான், துக்கவீட்டு வாசலில் நிற்பதுபோல. ஓடி வந்தவன் மாதிரி இல்லை. மூச்சு வாங்கவில்லை. அவன் பெவ்வைப் பார்க்கவே இல்லை. லென்ஸைப் பார்த்தான். நேராக லோரைனைப் பார்த்தான். நீ திறக்கப் போகிறாயா, இல்லையா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் நின்றிருந்தான். மரியாதையாக. எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை என்பதுபோல.

லோரைன் கைநீட்டித் தன் வீட்டு நடைவிளக்கை அணைத்தாள். அதன் பிறகுதான் அவன் முதல் படியில் கால் வைத்தான்.

அந்த ஆளு அவசரப்படவே இல்ல.

பார்க்காதவளுக்கு அது எப்படித் தெரியும்? நடுத்தெருவில் லோரைன் நின்றுவிட்டாள். முப்பது வருடம் அந்த வரி கண்ணெதிரே கிடந்திருக்கிறது. குடிகாரியின் உளறல் என்று தாண்டிப் போயிருக்கிறாள். அந்தக் கடைசி வாக்குமூலத்தில் டார்கஸ் பொய் சொன்ன இடம், பார்க்கவில்லை என்றது ஒன்றுதான். மற்றதெல்லாம் உண்மை. அவனைப் பார்த்திருக்கிறாள். திறக்கப் போகிறாயா என்று அவன் இவளைக் கேட்டிருக்கிறான். இவள் பதில் சொல்லியிருக்கிறாள்.

திரும்பிக் காவல்நிலையத்துக்குப் போகலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. போய் என்ன சொல்வது? நான் விளக்கை அணைத்தேன், அதற்காகத்தான் அவன் காத்திருந்தான் என்றா? அது ஜோடியின் காதுக்குப் போகும். நாளைக்குப் போகலாம். நிச்சயம் நாளைக்கு.

கட்டடத்தின் வாசல் கதவைத் திறந்து உள்ளே போனாள். படிக்கட்டு விளக்கு எரிந்தது. பெவ்வின் கதவில் யாரோ மாட்டிவிட்டுப் போன பூங்கொத்து வாடியிருந்தது. வளைவை அவள் கண்ணை மூடிக்கொண்டு கடந்தாள். தன் கதவுக்கு வந்து, சாவியைப் போட்டுத் திருப்பினாள். பூட்டு திறந்தது. கதவு திறக்கவில்லை.

இன்னொரு முறை தள்ளினாள். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

கீழே பார்த்தாள். கதவின் அடியில் வெளிச்சக் கோடு. காலையில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுத்தான் போனாள். அந்தக் கோட்டை இரண்டு நிழல்கள் வெட்டின. இரண்டு பாதங்கள். கதவை ஒட்டி, அசையாமல்.

"யாரு?" என்றாள். "யாரு உள்ள?"

மூச்சுச் சத்தம். மரத்துக்கு அந்தப்புறம், அவள் முகத்தின் உயரத்தில். அடக்கி, அடக்கி விடுகிற மூச்சு. அது யாருடைய மூச்சு என்று அவளுக்குத் தெரிந்தது. பிளாஸ்திரி இல்லாத லென்ஸ் ஒரு புள்ளியாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. அந்தப் புள்ளி மெல்ல இருண்டது. ஒரு கண் வந்து அங்கே நின்றது.

கீழே வாசல் கதவு திறந்தது. மூடியது. மெதுவாக.

ஈரத்தோல் வாடை.

ஒரு காலடி. இன்னொன்று. அவசரமில்லாமல்.

"திற" என்றாள் லோரைன். முதலில் மெதுவாக. பிறகு இரண்டு கைகளாலும் அடித்துக்கொண்டு. "திற! லோரைன்! திறடீ, தயவுசெஞ்சு!"

காலடிகள் வளைவுக்கு வந்து நின்றன. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை. தொப்பியைக் கழற்றுகிற சின்ன உரசல் கேட்டது. அவன் காத்திருந்தான்.

கதவடியில் வெளிச்சம் அணைந்தது.

பாதங்கள் உள்ளே நகர்ந்தன. நாற்காலி கிரீச்சிட்டது. அடுத்து என்ன வரும் என்று லோரைனுக்குத் தெரியும். ஓக்ஷாட்டிடம் சொல்லாதது, ஜோடியிடம் சொல்லாதது, தனக்குத்தானேகூட இதுவரை சொல்லிக்கொள்ளாதது அது ஒன்றுதான். உள்ளே ஆறு மணிச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. வாசிப்பவரின் குரல் உயர்ந்தது. இன்னும் உயர்ந்தது. வெளியே கேட்கிற எதுவும் உள்ளே கேட்காத அளவுக்கு.